எழுதுகிறவர் யாருக்குப் பொறுப்பு?

விருதுநகர், சாத்தூர், சிவகாசி என எந்த ஊரிலும் சொத்து வாங்குகிறவர் முதலில் போய் நிற்பது பத்திர எழுத்தரின் மேசை முன்னால்தான். தாய்ப்பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் அங்கேதான் விரிக்கப்படுகின்றன. சார்பதிவாளர் முன் நடப்பது கையெழுத்து, ரேகை, புகைப்படம். ஒரு குடும்பம் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் நிலைக்குமா, வழக்கில் கரையுமா என்பது அதற்கு முன்பே எழுதி முடித்த சில தாள்களில் தீர்மானமாகிவிடுகிறது. இவ்வளவு கனமான வேலையைச் செய்கிறவரிடம் நம் சட்டம் எழுதும் தகுதியைக் கேட்டதே தவிர, எழுதியதற்கான பொறுப்பைக் கேட்கவில்லை. இந்தத் தொழிலின் சிறப்பையும் குறையையும் எடைபோட இதுவே சரியான அளவுகோல் என்பது என் எண்ணம்.

ஆவணத்தைச் சோதித்துப் பார்க்கும் மரபு நமக்குப் பழையது. சோழர் காலத்திலேயே ஆவணக்களரி இருந்தது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவை, சுந்தரரை அடிமை கொண்ட வழக்கில் மூல ஓலையைக் கேட்டு வாங்கி, பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் 1864-இல் பதிவுச் சட்டம் வந்தது. இன்றும் நடப்பிலிருப்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். கிராமங்களில் நிலத்தின் கணக்கும் வரலாறும் கர்ணத்தின் கையில் இருந்தன. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவியை ஒழித்தது. 1982-இல் ஆவண எழுத்தர் உரிம விதிகள் வந்தன. அதுவரை பழக்கத்தால் நடந்த தொழில் தேர்வு, உரிமம், கட்டண அளவு என்னும் ஒழுங்குக்குள் வந்தது. பேனா போய்த் தட்டச்சு வந்து, பிறகு கணினி வந்தது. 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் ‘ஸ்டார் 2.0’ இணையவழிப் பதிவுமுறை தொடங்கியபின் விவரங்களை இணையத்தில் ஏற்றுவதும் பெரும்பாலும் எழுத்தரின் வேலையாகிவிட்டது.

தொழிலின் சிறப்புகளை முதலில் சொல்லவேண்டும். நல்ல பத்திர எழுத்தர் தம் வட்டாரத்து நிலத்தை அறிந்தவர். பழைய பத்திரத்தில் குறுக்கக் கணக்கிலும் முழக் கணக்கிலும் இருக்கும் அளவை ஏக்கர், சென்ட்டுக்கு மாற்றி, இன்றைய புலப்படத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாவில் விழுந்த பிழையைப் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கெல்லை விவரத்தை, கொண்டு கண்டுபிடிப்பார். பூர்வீகச் சொத்து என்றால் “பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று கேட்பார். 1989-இல் தமிழ்நாட்டின் திருத்தமும் 2005-இல் நாடு முழுவதற்குமான திருத்தமும் மகள்களுக்குப் பங்கு தந்தபின், அந்த ஒரு கேள்வி தடுத்த வழக்குகள் ஏராளமாக இருக்கும். வழக்கறிஞரை அணுகத் தயங்கும் விவசாயிக்கும் தீப்பெட்டித் தொழிலாளிக்கும் இந்தச் சேவை தமிழிலும், எளிய கட்டணத்திலும், நடந்துபோகும் தூரத்திலும் கிடைக்கிறது. தொழிலை ஒரேயடியாகப் பழிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குறைகளும் அதே மேசையில்தான் பிறக்கின்றன. முதலாவது, விலை. பேசிய விலை ஒன்று, எழுதும் விலை வழிகாட்டி மதிப்பை ஒட்டிய இன்னொன்று. இது எழுத்தருக்குத் தெரியும், தெரிந்தே எழுதுகிறார். நாளை உரிமையில் சிக்கல் வந்து பணத்தைத் திரும்பக் கேட்க நேர்ந்தால், வாங்கியவர் கையில் ஆதாரமாக இருப்பது குறைத்து எழுதிய அந்தத் தொகை மட்டுமே. இரண்டாவது, பணம். எழுத்துக் கூலி எவ்வளவு, அரசுக் கட்டணம் எவ்வளவு, அலுவலகத்துக்கென்று வாங்குவது எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தமாக ஒரு தொகை கேட்கும் வழக்கம் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகங்களில் லஞ்ச ஒழிப்புத் துறை சோதனை நடத்தும்போதெல்லாம் இடைத்தரகர்களோடு எழுத்தர்கள் பெயரும் அடிபடுவது இதனால்தான். மூன்றாவது, பழைய வாசகத்தைப் பெயர் மட்டும் மாற்றித் திரும்ப அச்சிடுவது. சகோதரிகள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் இது மிகக் கொடுமையானது. எதை விட்டுக்கொடுக்கிறோம், அதன் மதிப்பென்ன என்பதை விளக்கிச் சொல்ல அங்கே யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை.

பட்டாசு வட்டாரத்தில் இந்தக் குறை உயிரோடு விளையாடுகிறது. வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்து மானாவாரிக் கரிசல் நிலத்தில் ஆலைகள் எழுந்தன. ஆலை நிலத்தை விற்றால் நிலம் கைமாறும். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி பெற்ற உரிமம் அதோடு தானாகச் சேர்ந்து போகாது. அந்த உரிமம் குறிப்பிட்ட ஆளுக்கும் குறிப்பிட்ட வளாகத்துக்கும் உரியது. ஆனாலும் அறை அறையாக உள்குத்தகை விடும் வழக்கம் ஓயவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த வெடிவிபத்துக்குப் பின்னாலும் உள்குத்தகை இருந்தது விசாரணையில் வெளிவந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்பதால், பதினோரு மாத ஒப்பந்தமாகவோ வாய்ப்பேச்சாகவோ முடியும் ஏற்பாடுகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இன்னொரு பக்கம், ஆலையை ஒட்டிய காடு மனைகளாக விற்கப்படும்போது சொத்து விவரத்தில் “மேற்கே இன்னார் நிலம்” என்று மட்டுமே வருகிறது. அங்கே வெடிமருந்துக் கிடங்கு இருக்கிறது, குடியிருப்புக்கும் அதற்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது வாங்குகிறவருக்குப் பத்திரத்திலிருந்து தெரியவே வழியில்லை. இதை அறிந்து எச்சரிக்கக்கூடியவர் உள்ளூர் எழுத்தர். சட்டவிரோதமான குத்தகையை எழுத மறுக்கக்கூடியவரும் அவர்தான். மறுத்தால் அவருக்குக் காப்பு இல்லை. எழுதினால் அவருக்குக் கேள்வி இல்லை.

அண்மைய தீர்ப்புகள் இந்த வெற்றிடத்தைப் பெரிதாக்கியிருக்கின்றன. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிசெய்த, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையல்ல என்றும் தெளிவாக்கியது. சட்டப்படி இது சரியான நிலைதான். நம் நாட்டில் பதிவாவது பத்திரம். உரிமைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. புதிய திருத்தங்கள் வந்து மூலப்பத்திரம் கட்டாயமானாலும், அதைப் படித்துப் பொருள் காணும் வேலை பதிவுக்கு முன்பே நடந்தாக வேண்டும்.

அந்த வேலைக்கு மற்ற நாடுகள் பொறுப்பாளரை வைத்திருக்கின்றன. இலங்கையில் 1840-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் நிலம் கைமாற நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். பதிவேட்டைத் தேடிப் பார்ப்பதும், உறுதியைப் படித்து விளக்குவதும் நொத்தாரிசின் சட்டக் கடமை. இங்கிலாந்தில் சொத்துப் பரிமாற்றம் நீண்ட காலம் வழக்கறிஞர்களின் தனியுரிமையாக இருந்தது. 1985-இல் உரிமம் பெற்ற தனித்தொழில் ஒன்றை உருவாக்கி, அதற்கொரு ஒழுங்குமுறைக் கவுன்சிலையும் அமைத்தார்கள். தேர்வு, ஒழுங்கு நடவடிக்கை, காப்பீடு, இழப்பீட்டு நிதி எல்லாம் அதன் கீழ் வருகின்றன. மோசடி அங்கெல்லாம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஏமாந்தவருக்குப் போய் முறையிட ஓர் இடம் உண்டு. நம் எழுத்தர் சங்கங்கள் தொழிலைக் காக்கவும் கட்டணத்துக்காகவும் போராடுகின்றன. அது நியாயமே. உறுப்பினரின் பிழையை விசாரிக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் பதிவுத்துறையிடம் இருக்கிறது. அதே அலுவலகத்தைச் சார்ந்தே எழுத்தரின் அன்றாடப் பிழைப்பும் நடக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் அண்டி வாழும் ஏற்பாட்டில் கண்காணிப்பு வலுவாக இருக்க முடியாது.

பொறுப்பு கூடினால் கூலியும் கூடும், ஏழைக்குத்தான் சுமை என்பார்கள். கவலை நியாயமானது. ஆனால் கிரையத்துக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக அரசு பொதுவாக 9 விழுக்காடு வாங்குகிறது. 10 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு 90,000 ரூபாய். அதிலிருந்து சிறு பங்கை ஒதுக்கினாலே இழப்பீட்டு நிதி உருவாகும். எழுத்தர், வழக்கறிஞர், பொதுமக்கள் பிரதிநிதிகள் கொண்ட தன்னாட்சி வாரியம் ஒன்று தேர்வையும் ஒழுங்கையும் நடத்தட்டும். என்னென்ன ஆவணங்களைப் பார்த்தேன், எதை விளக்கினேன் என்று எழுத்தர் கையொப்பமிடும் ஒரு பக்கம் ஒவ்வொரு பத்திரத்திலும் இருக்கட்டும். பட்டாசு வட்டாரத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: அருகில் வெடிபொருள் உரிமம் பெற்ற வளாகம் உண்டா, எவ்வளவு தூரத்தில்?

பதிவாளர் உரிமையை ஆராய முடியாது. நீதிமன்றம் ஆராயும்போது காலம் கடந்திருக்கும். பத்திரம் உருவாகும் நேரத்தில் கேள்வி கேட்கக்கூடியவர் எழுத்தர் ஒருவரே. 1982-இல் அவருக்கு உரிமம் கொடுத்தோம். அதற்கு ஈடான கடமையையும், அந்தக் கடமையைச் செய்வதற்கான பாதுகாப்பையும் கொடுப்பது இன்னும் மிச்சமிருக்கிறது.