காசு யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

2014-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இரண்டு நினைவு நாணயத் திட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று, நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் தேசிய பேஸ்பால் அருங்காட்சியகத்துக்காக. இன்னொன்று, நிறவெறிக்கு எதிரான 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்துக்கு ஐம்பது வயதானதற்காக. பேஸ்பாலின் தங்க நாணயமும் வெள்ளி நாணயமும் விற்றுத் தீர்ந்தன. வெள்ளி மட்டுமே 4 லட்சம். குடிமை உரிமை வெள்ளி டாலரை 3.5 லட்சம் வரை அச்சிடச் சட்டம் இடம் கொடுத்திருந்தும் ஒரு லட்சம்கூட விற்கவில்லை. விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு நாணயம் வெளியிடச் சட்டம் போடலாமா என்ற கேள்வியை எடைபோடும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் இத்தகைய நாணயச் சட்டத்தின் நல்ல பக்கம். அமெரிக்காவில் ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். பேஸ்பால் மசோதா 2012 ஆகஸ்டில் சட்டமானது. தங்க நாணயம் ஒன்றுக்கு 35 டாலர், வெள்ளிக்கு 10, அரை டாலர் நாணயத்துக்கு 5 என்று விலையோடு ஒரு கூடுதல் தொகை வசூலாகும். அது அருங்காட்சியகத்துக்குப் போகும். அனுமதித்த 50,000 தங்கம், 4 லட்சம் வெள்ளி, 7.5 லட்சம் அரை டாலர் அத்தனையும் விற்றிருந்தால் 95 லட்சம் டாலர். ஆனால் அந்தப் பணம் சும்மா கைக்கு வந்துவிடாது. நாணயச் சாலை தன் செலவு முழுவதையும் முதலில் எடுத்துக்கொள்ளும். பணம் பெறும் அமைப்பு, ஈடான தொகையைத் தனியாரிடம் தானே திரட்டியிருப்பதைத் தணிக்கை செய்த கணக்கோடு காட்ட வேண்டும். வரிப்பணத்தில் கைவைக்கவில்லை என்று மசோதாவை ஆதரிப்பவர்கள் சொல்வது பொய்யல்ல.

இந்தக் கட்டுப்பாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டதால் வந்தவை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக 16 வகை நாணயங்களை இறக்கினார்கள். சேகரிப்பாளர்கள் சலித்துப் போனார்கள். அதே ஆண்டு வந்த சீர்திருத்தச் சட்டம், 1999 முதல் ஆண்டுக்கு இரண்டு திட்டங்கள்தான் என்று வரம்பு கட்டியது.

பேஸ்பால் நாணயத்தின் அழகையும் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் குழிந்த கையுறை, தையலும் தோலின் மடிப்பும் தெரிய. மறுபக்கம் புடைத்த பந்து. அமெரிக்கா அச்சிட்ட முதல் வளைந்த நாணயம் அது. கையுறை வடிவம் பொதுப் போட்டியில் தேர்வானது. நாணயம் சேர்க்கும் பழக்கமே இல்லாதவரும் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படும் பொருள். விற்பனைக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி குறை. கன்சாஸ் சிட்டியில் நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளையர் அணிகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களின் வரலாற்றைக் காப்பது அதன் வேலை. 2020 டிசம்பரில் சட்டம் கையெழுத்தாகி 2022-இல் அதற்கும் நாணயம் வந்தது. விளையாட்டும் அதேதான், சட்டத்தின் அமைப்பும் அதேதான். ஆனால் விற்பனை உச்ச வரம்பின் அருகில்கூடப் போகவில்லை. ஏற்கெனவே கொண்டாடப்படும் நிறுவனத்துக்கு இந்தச் சட்டம் வாரிக் கொடுக்கிறது. ஆதரவு அதிகம் தேவைப்படும் நிறுவனத்துக்குக் கிள்ளிக் கொடுக்கிறது. பணம் தேவையைப் பார்த்து வருவதில்லை, வாங்குபவரின் பாசத்தைப் பார்த்து வருகிறது. இந்த ஏற்பாட்டின் அடிப்படைப் பலவீனம் அதுதான்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே நினைவு நாணயத்துக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சகம் அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டால் போதும். 1982 ஆசிய விளையாட்டுக்கும் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கும் நாணயங்கள் வந்தன. எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டுக்கு 2016-இல் 100 ரூபாய், 10 ரூபாய் நாணயங்கள் வந்தன. 2024 ஆகஸ்ட் 18 அன்று கலைவாணர் அரங்கில் கலைஞர் நூற்றாண்டு நாணயத்தை ராஜ்நாத் சிங் வெளியிட்டார்: 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம், பாதி வெள்ளி. அப்போது யாரை அழைத்தார்கள், நாணயத்தில் எந்த மொழி இருக்கிறது என்று பல நாள் வாதம் நடந்தது. நாணயத்தை விற்ற காசில் ஒரு பங்கு, போற்றப்படுபவரின் எழுத்தையோ குரலையோ காக்கும் இடத்துக்குப் போகலாமே என்ற பேச்சை நான் படித்தவற்றில் காணவில்லை. அதற்கு 2011 சட்டத்தில் வழியும் இல்லை. நம் நாணயம் கௌரவத்தோடு நின்றுவிடுகிறது. சேகரிப்பாளர் முகமதிப்பைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைப்பதோடு கதை முடிகிறது.

சென்னையின் விளையாட்டுக் கதையை ஒரே கூரையின் கீழ் சொல்லும் பொது அருங்காட்சியகம் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவன் நான். அந்தக் கதை மயிலாப்பூர் லஸ்ஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடுவிடம் தொடங்க வேண்டும். வெள்ளையரின் சேப்பாக்கம் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லாத காலத்தில், 1888-இல், அவர் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஐரோப்பியர்–இந்தியர் மாகாண ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர், 1908-இல் அது நடப்பதற்குச் சற்று முன்பு இறந்துபோனார். அவர் மகன் கோட்டா ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். 1936-இல், நாற்பது வயதில், ஓல்டு டிராஃபோர்டில் முதல் டெஸ்டில் இறங்கி 40, 60 என்று அடித்தார். 1985-இல் சென்னையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர் திரும்பவேயில்லை. 1934-இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்து ஒரே நாளில் ஆட்டத்தை முடித்துவைத்த ஏ.ஜி. ராம்சிங்கின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? மேனுவல் ஆரன் தொடங்கிய, சிறுவன் ஆனந்த் காய் நகர்த்திப் பழகிய தால் செஸ் கிளப்பின் வரலாறு எங்கே கிடைக்கும்?

ஆனந்துக்கும் குகேஷுக்கும் நாணயம் போட்டால் தி.நகரிலும் அடையாறிலும் வீட்டுக்கு ஒன்று வாங்குவார்கள். ராம்சிங்குக்குப் போட்டால் வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும். ஆனால் மறைந்துகொண்டிருப்பது ராம்சிங் காலத்தின் மட்டைகளும் ஸ்கோர் புத்தகங்களும் புகைப்படங்களும்தான். கூப்பர்ஸ்டவுனையும் கன்சாஸ் சிட்டியையும் பார்த்த பிறகு இதை யூகம் என்று தள்ள முடியாது.

ஆகவே, நாணயத்துக்கு நாணயம் தனிச் சட்டம் என்ற அமெரிக்க முறை நமக்கு வேண்டாம். அங்கே 435 பேர் கொண்ட கீழவையில் 290 பேரின் ஆதரவைச் சேர்த்தால்தான் இத்தகைய மசோதாவைக் குழு பரிசீலிப்பது வழக்கம். அந்த உழைப்பில் பெரும்பகுதி, பிரபலமான நிறுவனத்துக்கே பலன் தருகிறது. நமக்குத் தேவை 2011 சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம்: நினைவு நாணய விலையில் கூடுதல் தொகை சேர்க்கலாம், அச்சுச் செலவு போக மிஞ்சுவது அறிவிக்கையில் பெயர் குறித்த காப்பகத்துக்குப் போகும், அந்தக் காப்பகம் ஈடான தொகையைத் திரட்டித் தணிக்கைக் கணக்கு காட்ட வேண்டும். இதோடு அமெரிக்கச் சட்டத்தில் இல்லாத ஒன்றையும் சேர்ப்பேன். நன்றாக விற்கும் நாணயத்தின் வருவாயில் ஒரு பகுதி, அதே துறையின் அறியப்படாத சேகரிப்புகளுக்குப் போக வேண்டும். ஆனந்தின் நாணயம் ராம்சிங்கின் ஸ்கோர் புத்தகத்தைக் காப்பாற்றட்டும்.

திருத்தம் வந்தாலும் நாணயம் இரண்டாவது வேலைதான். கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகம் 1939-இல் திறந்தது. நாணயம் வந்தது 75 ஆண்டு கழித்து. கட்டடமும் சேகரிப்பும் பொறுப்பாளரும் இருந்த இடத்துக்குத்தான் அந்தப் பணம் போனது. சென்னையில் விளையாட்டு அருங்காட்சியகத்துக்கு நாணயம் கேட்டு டெல்லிக்கு இன்று யாராவது மனு எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இடம் கேட்டு மாநில அரசுக்கு எழுதினால் போடுவேன்.