பழைய குவாலிஸுக்கு டர்போ: யாருக்கு லாபம்?

ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்காக உருவான குடியிருப்பு, ஹைதராபாத்தின் சைனிக்புரி. வண்டியைப் பார்த்துப் பார்த்துப் பராமரிப்பவர்கள் இங்கே அதிகம். லேசில் விற்கவும் மாட்டார்கள். இங்குள்ள நண்பர் ஒருவர் தன் குவாலிஸில் டர்போ பொருத்தியிருக்கிறார். சாவியை வாங்கி ஓட்டிப் பார்த்தேன்.

2000இல் இந்தியாவுக்கு வந்த குவாலிஸின் 2446 சிசி டீசல் எஞ்சினில் டர்போ கிடையாது. சக்தி சுமார் 75 குதிரைத்திறன். உழைப்பில் குறை சொல்ல முடியாது; ஆனால் வண்டி நிறைய ஆளேற்றி ஏசியும் போட்டால் மேட்டில் திணறும். 2005இல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவாவின் டீசல் எஞ்சினும் ஏறக்குறைய இதே அளவுதான். டர்போவும் காமன் ரெயிலும் சேர்ந்து அதிலிருந்து 102 குதிரைத்திறனை எடுத்தன. டர்போ ஆசை பிறக்கும் இடம் இதுதான்.

என்ன செய்திருக்கிறார்கள்?

சைலன்சருக்குப் போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. பெட்ரோல் எஞ்சினில் இதைச் செய்தால் நாக்கிங் பயம் உண்டு. டீசலில் அந்தத் தொல்லை இல்லை.

இந்த வண்டிக்குத் தனி மேனிஃபோல்ட் செய்திருக்கிறார்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் டி-ஜாயின்ட் போட்டு டர்போவுக்கு ஆயில் போகிறது. அது திரும்பிவரச் சம்ப்பில் ஒரு துளை. அழுத்தத்தில் சூடாகும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர். காற்று மட்டும் கூடினால் பெரிய பலன் இல்லை என்பதால் பம்பில் டீசலையும் சற்றே கூட்டியிருக்கிறார்கள். பூஸ்ட் 0.5 பாரைத் தாண்டாது. எஞ்சினின் கம்ப்ரஷனே 22-க்கு 1 என்ற அளவில் இருக்கும்போது, இதற்கு மேல் ஆசைப்படாதது நல்லது.

ஓட்டம் எப்படி?

சைனிக்புரி சந்துகளில் மாற்றமே தெரியவில்லை. எஞ்சின் சுற்று குறைவாக இருக்கும்வரை இது பழைய குவாலிஸ்தான். ஆர்.கே. புரம் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் இழுவை பிடிபடுகிறது. கியரைக் குறைக்காமலேயே வண்டி ஏறுகிறது. கீசரகுட்டா மலைப்பாதையிலும் ஏசியை அணைக்க வேண்டியிருக்கவில்லை. கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருக்கும் ஹைதராபாத்தில் காற்று கொஞ்சம் லேசு. அந்த இழப்பையும் டர்போ ஈடுகட்டுகிறது.

அவுட்டர் ரிங் ரோட்டில் ஓவர்டேக் எளிது. ஆனால் பிரேக்கும் சஸ்பென்ஷனும் பழையவை. வேகத்துக்காக டர்போ போடுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

சூடுதான் எதிரி

டேஷ்போர்டில் புகையின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் முள் விறுவிறுவென ஏறுகிறது. டர்போவுக்கு முன்னால் 700 டிகிரியைத் தாண்ட விடாமல் காலை எடுப்பது நல்லது. இந்த எஞ்சின் குடும்பத்திலேயே டொயோட்டா வெளிநாடுகளில் விற்ற 2எல்-டி என்ற டர்போ எஞ்சின், சிலிண்டர் ஹெட் விரிசலுக்குப் பேர்போனது. கம்பெனி செய்ததே சூட்டில் தடுமாறியிருக்கிறது என்றால், ஒர்க் ஷாப்பில் செய்ததற்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். கடுமையாக ஓட்டிய பின் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும்.

சட்டம்

ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 15 வருடம் கடந்த குவாலிஸ், பதிவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஆய்வுக்குப் போயாக வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கலாம்.

தீர்ப்பு

வேலை சுத்தம், இழுவை நிஜம். ஆனாலும் தினமும் சாலையில் ஓடும் குடும்ப வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேட்டில் திணறும் பழைய குவாலிஸ்கள் பலவற்றில் அந்த 75 குதிரைத்திறனே முழுதாக மிஞ்சியிருக்காது. முதலில் கம்ப்ரஷனைச் சோதியுங்கள். இன்ஜெக்டரையும் டீசல் பம்பையும் சரிபாருங்கள். கிளட்ச் பிளேட்டை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், டர்போ செலவுக்கு ஒதுக்கிய பணத்தோடு ஒரு பழைய இன்னோவாவைத் தேடுவதே புத்திசாலித்தனம்.