முயற்சியாண்மை ஆய்வும் கதைகளை எண்ணும் முறையும்

முயற்சியாண்மை பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகளை இலக்கிய மாணவர் தமக்குப் புறம்பானவையாகக் கருதுதல் வழக்கம். ஆயினும் அத்துறையிற் செல்வாக்குப் பெற்ற நூல்களுள் ஒன்றான டேவிட் மக்கிளெலண்டின் ‘சாதிக்கும் சமுதாயம்’ (1961) தன் முக்கிய சான்றுகளைக் கதைகளிலிருந்தே பெற்றது. 1925, 1950ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பல நாடுகளில் வழங்கிய சிறுவர் வாசிப்பு நூல்களில் ‘அடைவூக்கம்’ எத்துணை இடம்பெற்றதென எண்ணி, அதனை மின்னுற்பத்தி வளர்ச்சி முதலியவற்றோடு ஒப்பிட்டார் அவ்வுளவியலாளர்.

கதையைச் சமுதாய ஆவணமாகக் கொள்வதில் நமக்கு மறுப்பில்லை. நாமும் அதனையே செய்து வருகின்றோம். ஆனால் பாடநூற் கதை ஒரு தேசத்தின் உள்ளத்திலிருந்து தானே ஊற்றெடுப்பதன்று. அதனை எழுதியோர் யார், தெரிந்தெடுத்தோர் யார், எவ்வர்க்கத்துப் பிள்ளைகள் அதனைப் படிக்கும் வாய்ப்புப் பெற்றனர் என்னும் வினாக்கள் கூட்டற்கணக்கில் மறைந்துவிடுகின்றன.

இதனினும் கருதத்தக்கது காக்கிநாடாப் பரிசோதனை. 1964இல் ஆந்திரத்தின் அத்துறைமுக நகர வணிகர்கள் ஹைதராபாத்துக்கு அழைக்கப்பட்டு, அடைவூக்கம் மிகுந்த கதைகளைப் புனையப் பயிற்றப்பட்டனர். (திறனாய்வாளர்கூட இலக்கியத்துக்கு இத்துணை ஆற்றலை ஏற்றியுரைக்கத் தயங்குவர்!) பயிற்சி பெற்றோரின் தொழில் முயற்சி பெருகிற்று என 1969இல் மக்கிளெலண்டும் டேவிட் வின்ரரும் எழுதினர். ஆனால் அப்பெருக்கம் தம் நிறுவனத்தைத் தாமே நடத்தியோரிடத்திலேயே பெரிதும் காணப்பட்டது என்பதும் அவர்கள் தந்த தரவே. அவர்கள் துணை நிபந்தனையாகக் கண்ட உடைமையும் அதிகாரமும் நம் நோக்கில் முதன்மையானவை.

முயற்சியாளன் யார் எனக் கேட்பதே தவறு, நிறுவனங்கள் எவ்வாறு உருவாகின்றன என்றே கேட்கவேண்டும் என 1988இல் வில்லியம் கார்ட்னர் வாதிட்டார். அது முன்னேற்றமே. எனினும் அந்நிறுவனங்களிற் கூலிக்கு உழைப்போர் அவ்வினாவிலும் இடம்பெறவில்லை.