சூலைப் பதிகமும் முதியோர் நோயும்

நோயுற்ற முதியோரைத் தேவாரம் ஓதுமாறு ஆற்றுப்படுத்தும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்வாறு ஓதப்பெறும் பதிகங்களுள், திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடியதும் நான்காம் திருமுறையின் முதலாவதாக அமைந்ததுமான பதிகம் குறிப்பிடத்தக்கது. அவர் பாடினார், சூலை தீர்ந்தது. நாம் பாடினாலும் நோய் தீரும் என்பதே வகுப்பறையிலும் சொற்பொழிவிலும் இதற்குக் கூறப்பெறும் விளக்கம். இவ்விளக்கம் பதிகத்திலிருந்து பெறப்பட்டதன்று என்பது எம் கருத்து.

சூலை தீர்ந்த செய்தியை விரித்துரைப்பது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணமாகும். அப்பர் காலத்திற்கும் அந்நூலுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உள்ளன. புராணத்தைச் சற்றே ஒதுக்கிப் பதிகத்தை மட்டும் நோக்கின், அதன் பத்துப் பாடல்களுள் எதிலும் வலி நீங்கியதாகக் கூற்று இல்லை. இறுதிப் பாடலிலும் அவர் வியர்க்கிறார், புரள்கிறார், விழுந்து எழுகிறார்; வேதனையை விலக்குமாறே இன்னமும் வேண்டுகிறார். மலையின்கீழ் நெரித்த அரக்கனுக்கும் அருளியதை அவர் நினைவூட்டுவது ஏறக்குறைய வழக்காடலாகவே ஒலிக்கிறது. சம்பந்தரின் திருநீற்றுப் பதிகம் ஓதவல்லார்க்குச் சிறப்புக் கூறி முடிய, இப்பதிகமோ அத்தகைய உறுதிமொழி எதனையும் தரவில்லை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஓதியும் நோய் தீராத முதியவர், மேற்சொன்ன விளக்கத்தின்படி, தம் பத்தியே குறையுடையது என்று எண்ண நேர்கிறது. கென்னத் பார்கமெண்டும் பிறரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. மருத்துவமனையில் இருந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளரை அவர்கள் இரண்டாண்டு தொடர்ந்து நோக்கினர். இறைவன் தம்மைக் கைவிட்டானோ, தம்மீது அவனுக்கு அன்பில்லையோ என்று ஐயுற்றோரிடையே இறப்பு வாய்ப்பு மிகுந்து காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது. வழிபாடு நலந்தரும் எனக் கூறும் ஆய்வுகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். நடக்க இயன்றவரே கோயிலுக்குச் செல்கின்றனர் அல்லவா?

அப்பர் முறையிடுகிறார், எனினும் கைவிடப்பட்டதாகக் கருதவில்லை. நீரையும் பூவையும் புகையையும் தமிழிசையையும் மறந்ததில்லை என்று அவர் எடுத்துரைப்பது, எதிரே கேட்போன் ஒருவன் உளன் என்னும் உரிமையில் எழுவதாகும். வலியையும் சினத்தையும் மறைக்காது வெளியிட முதியோர்க்கு இடந்தரும் பாட்டு இது. நாமோ அதனை மருந்துச் சீட்டாக்கிவிட்டோம்.

புராணத்தையே சான்றாகக் கொள்வோரும் அதனை முழுமையாகக் கொள்வதில்லை. உடனிருந்த சமணர் மருத்துவம் பலிக்காது அகன்றபின், நோயாளர் இரவோடு இரவாகத் தமக்கையிடம் வந்து சேர்கிறார். திலகவதியார் திருநீறு அளித்து, விடியுமுன் அலகும் மெழுக்கும் தோண்டியும் ஏந்தித் தம் அன்றாடத் திருத்தொண்டிற்குச் செல்கையில் தம்பியையும் உடன் அழைத்துச் செல்கிறார். பதிகம் அதன் பின்னரே பாடப்படுகிறது.