குப்பை மேட்டை ஆராய யார் காசு கொடுப்பார்?

நிலைபேறான அபிவிருத்திக்கான கல்வி என்ற தொடர் நமது பல்கலைக்கழகங்களில் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. 2005 முதல் 2014 வரையான பத்தாண்டை ஐக்கிய நாடுகள் சபை இக்கல்விக்கென ஒதுக்கியது. சொல் வந்துவிட்டது, பொருளும் வந்ததா என்பதே என் கேள்வி.

கொழும்பிலேயே விடை தேடலாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டனர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று மாநகரம் முழுவதும் கழித்த குப்பைதான் அப்படி மலையாகி நின்றது. 2019இல் அந்தச் சுமை, ஊர் மக்களின் எதிர்ப்பையும் மீறி, புத்தளம் அறுவக்காட்டுக்குப் போனது.

இப்படியொரு பிரச்சினைக்கு மண்ணியல், சுகாதாரம், சட்டம் தெரிந்தவர்களும், அந்த மக்களோடு அவர்கள் மொழியில் பேசத் தெரிந்தவர்களும் ஒன்றாக உட்கார வேண்டும். நிலைபேற்றுக் கல்வியின் வேலை அதுவே. ஆனால் அந்த அறிவை விலை கொடுத்து வாங்குவது யார்? மேட்டின் அடியில் குடியிருப்பவரிடம் காசில்லை.

சந்தைச் சிந்தனை இங்கேதான் இடறுகிறது. உலக வங்கியின் 100 மில்லியன் டொலர் கடனுதவியோடு 2017இல் வந்த உயர்கல்வித் திட்டம், பல்கலைக்கழகங்களில் வணிகத் தொடர்புப் பிரிவுகளை ஊக்குவித்தது. தொழில்துறையோடு உறவு வைப்பது தவறல்ல. ஆய்வுகள் அலுமாரியில் தூங்குவதை விட அது மேல். ஆனால் வருமானமும் தரவரிசையுமே அளவுகோலானால், விலைபோகும் கேள்விகளை மட்டுமே ஆய்வாளர் கேட்பார். மரம் நட்ட படம் ஆண்டறிக்கையில் ஏறும். குப்பை மேடு ஏறாது.

புவியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” வாடகை கட்டுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பல்கலைக்கழகமும் அதையே கேட்கத் தொடங்குவதுதான் பயமாக இருக்கிறது.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. செலவைப் பொதுமக்கள் ஏற்றதால் பயனும் பொதுவுக்கே சேர வேண்டும். 2012இல் தேசிய உற்பத்தியில் 6% கல்விக்கு வேண்டுமென்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாங்க ஆளில்லாத அறிவை யார் காப்பது என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது.

அரசிடம் கேட்பதோடு நம்மையும் கேட்டுக்கொள்வோம். நமது புலமைப்பரிசில்கள் பெரும்பாலும் மருத்துவத்தையும் பொறியியலையுமே தேடிப் போகின்றன. புத்தளத்தின் மண்ணையும் நீரையும் ஆராயப் போகும் ஒரு பிள்ளைக்குக் கைகொடுத்தால், அதுவும் ஸதகத்துல் ஜாரியாதானே?