குகையில் நின்ற பணிப்பெண்

இயேசுவை மனக்கண்ணால் பார்த்துச் செபிக்கும் முறையைப் பரவலாக்கிய நூல், 1548-இல் அச்சான லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்'. பெத்லகேமுக்குப் போகும் பாதையின் நீளம், குகையின் உயரம் எல்லாவற்றையும் கற்பனை செய்யச் சொல்கிறார். கழுதைமேல் நிறைமாத மரியா, கூடவே யோசேப்பு, ஒரு பணிப்பெண். நற்செய்திகளில் இந்தப் பணிப்பெண் கிடையாது.

செபிப்பவர் தன்னைத் தகுதியற்ற ஏழை அடிமையாகப் பாவித்து அவர்களுக்குப் பணிவிடை செய்யவேண்டும். இங்கேதான் எனக்கு இடறுகிறது. போர்வீரராக இருந்தவர் அடிமையாகத் தன்னைப் பாவிப்பது துறவு. ஏற்கெனவே ஏவல் செய்பவள் எதைத் துறப்பாள்? அவளுக்குப் பெயர்கூட இல்லை.

அதே நூற்றாண்டில் அவிலா தெரேசா, கிறிஸ்துவை உருவமாகக் கற்பனை செய்யத் தன்னால் இயலவில்லை என்று தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். இருட்டில் ஒருவரோடு பேசுவதுபோல் முகம் தெரியாது, ஆள் இருப்பது தெரியும். 1559-இல் ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம் தாய்மொழிப் பக்தி நூல்கள் பலவற்றைத் தடைசெய்தது. அவர் விரும்பி வாசித்தவையும் போயின. பின்னர் காட்சிகள் வந்தபோது ஆண் குருக்கள் அவற்றைச் சோதித்தார்கள். தோன்றும் இயேசுவுக்கு ஏளனச் சைகை காட்டும்படி கட்டளையிட்டவரும் உண்டு. இஞ்ஞாசியாரும் விசாரிக்கப்பட்டவர்தான், ஆனால் அவர் பின்னாளில் பிறருக்கு வழிகாட்டும் குருவானார். தெரேசாவுக்கு அந்த இடம் திறக்கவில்லை.

பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. அடுத்தமுறை கண்ணை மூடும்போது அந்தப் பணிப்பெண் நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். குழந்தையின் முகத்தை முதலில் கண்டவள் அவளாகவும் இருக்கலாம்.