'முன்னெச்சரிக்கை' என்ற சொல் செய்த வேலை

2007 மார்ச் 16 அன்று கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம், நாய் பூனைகளுக்கான கிரேவி உணவில் சுமார் 6 கோடி டப்பா, பாக்கெட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்த அறிக்கையைப் போன வாரம் வரிவரியாகப் படித்தேன். சர்வர் படுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு மெயில் எழுதுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. அதனால் இந்த மாதிரி அறிக்கைகள் மேல் எனக்கு ஒரு கண்.

தலைப்பிலேயே 'முன்னெச்சரிக்கை' வந்துவிடுகிறது. உள்ளே போனால், சில நாட்களாகப் புகார் வருகிறது, எண்ணிக்கை குறைவுதான், சோதனைகளில் எந்தக் குறையும் தெரியவில்லை என்கிறார்கள். அமெரிக்க எஃப்.டி.ஏ. பிறகு வெளியிட்ட காலவரிசை வேறு மாதிரி இருக்கு. முதல் புகார் வந்தது பிப்ரவரி 20. பிப்ரவரி 27ல் கம்பெனியே 40, 50 விலங்குகளுக்கு அந்த உணவைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தது. அதில் ஏழு செத்துப்போச்சு.

'குறை தெரியவில்லை' என்பது ஒரு வகையில் உண்மைதான். எந்த நஞ்சு என்று அவர்களுக்கு அப்போது தெரியாது. ஆனால் தின்ற விலங்கு சாகுது என்பது தெரியும். காரணம் தெரியாததை, பிரச்சினையே தெரியாத மாதிரி எழுதியதுதான் அறிக்கையின் பெரிய கோளாறு. (நானும் செய்திருக்கேன். 'சிலருக்குத் தாமதம் ஏற்படலாம்' என்று எழுதினபோது உள்ளே டேட்டாபேஸே விழுந்து கிடந்தது. ஆனா அங்கே எந்த உயிரும் போகலை.)

ஒன்றைப் பாராட்டணும். புதிய சப்ளையரிடம் வாங்கிய ஒரு பொருள் சேர்ந்த நேரமும் புகார் வந்த நேரமும் ஒத்துப்போவதை அவர்களே சொல்லிவிட்டார்கள். துப்பு அங்கேதான் இருந்தது. மார்ச் 23ல் நியூயார்க் ஆய்வகம் ஒன்று அமினோப்டெரின் என்றது. ஊரெல்லாம் எலி விஷம் என்று பேச்சு. மார்ச் 30ல் எஃப்.டி.ஏ. மெலமைன் என்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமை குளூட்டனில் கலந்திருந்தது. புரதச் சோதனை நைட்ரஜனைத்தான் எண்ணும், மெலமைனில் அது ஏராளம். அடுத்த வருடமே சீனக் குழந்தைகளின் பால் பவுடரில் இதே தந்திரம்.

இன்னொரு சிக்கல், மெனு ஃபுட்ஸ் என்ற பெயரையே பூனை வளர்ப்பவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நூறை ஒட்டிய பிராண்டுகளுக்கு அந்த ஒரே கம்பெனி தயாரித்துக் கொடுத்தது. 'உங்கள் டப்பாவில் இந்தப் பெயர் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அதிகம் தண்ணீர் குடித்தாலோ வாந்தி எடுத்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள்' என்பதுதான் முதல் வரியாக இருந்திருக்கணும். ஃபோன் லைன்களோ கூட்டத்தில் திணறின.

பிப்ரவரி 20க்கும் மார்ச் 16க்கும் நடுவே 24 நாள். அத்தனை நாளும் அந்த டப்பாக்கள் கடையில் விற்றுக்கொண்டிருந்தன.